கணக்குப் பரீட்சையன்று கட்டிய கயிறு

மே 6, திங்கள்

இது எந்த வருடம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரைச் செங்கல் லாரி இடித்துத் தள்ளிய வருடம். அம்மன் கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டி, கொத்தனார்களுக்குள் சண்டை வந்து, சாரம் மட்டும் நிற்கிற வருடம். பக்கத்து வீட்டுக் காமுத்தாயின் எருமை ஒரே ஈற்றில் இரண்டு கன்று போட்டு இரண்டும் பிழைத்தது. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள்.

"மாமா, மேல தேதி போட்டுட்டேன். வருசம் எல்லாத்துக்கும் தெரியும்" என்கிறாள் மருமகள். இன்றைக்குத் தெரியும். இருபது வருடம் கழித்து எவனுக்குத் தெரியும்? எழுது என்றேன். எழுதுகிறாள்.

என் பெயர் சென்றாயன். வயது எண்பத்தொன்று. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மண்டியில் ஐம்பது வருடம் தேங்காய் எண்ணினேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள் நாகஜோதி, என் மச்சான் சுருளியாண்டியின் மகள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். அங்கே அமைப்பாளர் அம்மா செப்டம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கிற அன்று வயது நாற்பதைத் தாண்டக்கூடாது. நாகஜோதிக்கு ஆகஸ்டு பத்தொன்பதில் நாற்பது முடிகிறது. பதினாறு வயதில் கணக்கில் தவறியவள், போன தடவை எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுதி நான்கில் தேறிவிட்டாள். கணக்கில் இருபத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும். ஜூலையில் மறுபடி ஒரு பரீட்சை. அதோடு சரி.

கணக்கு டீச்சர் ரெஜினா சொன்னாராம்: "தெரிஞ்ச கணக்கையே முடிக்காம வந்திருக்க. கை ஓடல. தினம் யாரையாவது சொல்லச் சொல்லி ஒரு பக்கம் எழுது." வீட்டில் எப்போதும் இருப்பது நான்தான். அதனால்தான் இந்த நோட்டு.

மே 8, புதன்

எக்ஸ் என்று ஓர் ஆள் இருக்கிறான். நேற்று அவன் ஏழு. இன்று காலையில் மூன்று. மத்தியானம் அவனுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து, இல்லாததற்கும் கீழே போய்விட்டான்.

"ஒரே பேரை வச்சுக்கிட்டு எப்படித்தா இம்புட்டு மாறுவான்?" என்று கேட்டேன்.

"எக்ஸுன்னா தெரியாததுக்குப் பேரு மாமா."

"தெரியாததுக்கு எதுக்குப் பேரு?"

"பேரு வச்சாத்தானே தேட முடியும்?"

மண்டியில் நாங்கள் தெரியாததற்குப் பெயர் வைத்ததில்லை. உட்கார்ந்து எண்ணுவோம். எனக்கு இது பிடிபடவில்லை. அவளுக்கும் முழுதாகப் பிடிபட்டதாகத் தெரியவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே "எக்ஸ் இந்தப் பக்கம் வந்தா, அஞ்சு அந்தப் பக்கம் போகும்" என்று முணுமுணுக்கிறாள்.

மே 11, சனி

பாத்திரம் தேய்க்கும்போது சூத்திரங்களை வாயால் சொல்கிறாள். எனக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், போகாது. எழுதத் தெரிந்தவர்களுக்குத் தாள் இருக்கிறது. எனக்கு இதுதான் இருக்கிறது.

இன்று "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர், ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்" என்றாள்.

"நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே. முந்தாநாள் டூ ஏபி வந்துச்சு."

தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இதேதான் மாமா போன தடவையும் விட்டேன். ரெண்டு கணக்கு போச்சு."

டூ ஏபி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது வராவிட்டால் தெரிந்துவிடும். வாசலில் போகிறவர்களுக்குக் கிழவன் மந்திரம் சொல்வது போல இருக்கும். காமுத்தாய் எட்டிப் பார்த்து, "என்ன சென்றாயண்ணே, பேய் ஓட்டுறீகளா?" என்றாள்.

மே 15, புதன்

ஒரு அப்பனுக்கு வயது மகளின் வயதைப்போல நான்கு மடங்கு. ஐந்து வருடம் போனால் மூன்று மடங்கு. இருவர் வயதும் என்ன?

அந்த மனுசனிடமே கேட்டால் சொல்லிவிடுவானே என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு போட்டாள். மகளுக்குப் பத்து, அப்பனுக்கு நாற்பது. ஐந்து வருடம் கழித்துப் பதினைந்து, நாற்பத்தைந்து. சரியாக மூன்று மடங்கு. அதற்கும் பதினைந்து வருடம் போனால் முப்பது, அறுபது. இரண்டு மடங்கு.

"இப்படியே போனா ஒருநாள் ரெண்டு பேரும் ஒரே வயசுக்கு வந்திருவாகளா?"

"வர மாட்டாக மாமா. மடங்கு கொறையும். வித்தியாசம் அப்படியே நிக்கும்."

இதை நெடுநேரம் யோசித்தேன். அந்த மகள் எந்த ஊர், அவளைப் படிக்க வைத்தார்களா என்பது கணக்கில் இல்லை.

மே 16, வியாழன்

மழை வரும் போல இருந்தது. வரவில்லை. வடகத்தை மட்டும் உள்ளே எடுத்தோம்.

மே 20, திங்கள்

வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி இரண்டு கோடு. இரண்டும் சமம் என்று நிரூபிக்க வேண்டும்.

அண்டாவின் மூடியைத் தரையில் வைத்து, இரண்டு ஈர்க்குச்சியை ஒரு முனையில் சேர்த்து, மூடியை இருபக்கமும் தொடும்படி வைத்தேன். தொட்ட இடத்தில் ஒடித்து அளந்தால் சமம். சின்ன மூடியை வைத்தேன். சமம். ஆட்டுரலை வைத்தும் சமம்.

"முடிஞ்சுச்சு. இனி என்னத்த நிரூபிக்கணும்?"

"இப்படி அளந்தா மார்க் கெடையாது மாமா. எல்லா வட்டத்துக்கும் ஏன் சமம்னு சொல்லணும்."

"கண்ணுக்குத் தெரியுதே."

"கண்ணுக்குத் தெரிஞ்சது போதாதாம்."

என் காலத்தில் கண்ணால் பார்த்தவன் சொன்னால் பஞ்சாயத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. பார்த்தவன் ஏன் என்றும் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் புதிது.

மே 24, வெள்ளி

சொல்ல ஒன்றும் இல்லை. பக்கம் பாதிதான் வந்தது. பழைய கதை ஒன்று சொல்கிறேன் என்றேன். சொல்லுங்க என்றாள்.

மேற்கு மலையில் பதினோரு நாள் தீ எரிந்த வருடம். பங்குனிச் சாட்டு, அம்மன் திருவிழா. எங்கள் ஊரில் சாட்டின் கடைசி மூன்று நாள் எல்லைக்கட்டு உண்டு. ஊருக்குள் வருகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு இந்தப் பக்கம், வேப்பிலை சொருகிய கயிற்றைக் குறுக்கே கட்டுவோம். மூன்று நாளும் ஊர்க்காரர் யாரும் அதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆத்தா கோபம் ஊருக்கே வரும். அந்த வருடம் கயிற்றுக்குக் காவல் நான்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி, இரட்டைச் சடை. கையில் அட்டையும் தகர டப்பாவும். அன்று டவுனில் பத்தாவதுக்குக் கணக்குப் பரீட்சை. "போயிட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள வந்திருவேன்" என்றாள்.

"ஆத்தா கோவிச்சுக்கும்மா. திரும்பிப் போ" என்றேன்.

அவள் அழவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். எட்டுப் பத்து பஸ் வந்தது, ஹார்ன் அடித்தது, போனது. போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காணோம்.

அந்தப் பிள்ளை யார் என்பது இப்போது தேவையில்லை.

இங்கே பேனா நின்றது. என்ன என்று கேட்டேன். "மை வரல மாமா" என்று உதறினாள். முந்தாநாள் வாங்கிய பேனா.

மே 26, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. தலைவலி என்றாள். இன்று என் மகன் தவசி திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்திருக்கிறான். கறி எடுத்தோம்.

"நாப்பது வயசுல என்னடி பரீட்சை? இருக்குற கரண்டி போதாதா?" என்று அவளைக் கிண்டல் செய்தான்.

"நீங்க எட்டாவதுல விட்ட பரீட்சையையும் சேத்து நானே எழுதிட்டு வாரேன். உங்களுக்கும் பேரு" என்றாள்.

அவன் எலும்பைக் கடித்தபடி சிரித்தான். நல்லவன். படிப்புத்தான் ஏறவில்லை. நான் சிரிக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

நிகழ்தகவு. பெயரே வாயில் நிற்கவில்லை. ஒரு பையில் நான்கு சிவப்புப் பந்து, ஆறு பச்சைப் பந்து. பாராமல் ஒன்றை எடுத்தால் சிவப்பு வர எவ்வளவு வாய்ப்பு? ஐந்தில் இரண்டு என்கிறாள்.

நான்கு சிவப்பு மொச்சையும் ஆறு வெள்ளை மொச்சையும் சொம்பில் போட்டேன். எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, மறுபடி எடுத்து, ஐந்து தடவை. நான்கு சிவப்பு.

"கணக்கு பொய்."

"அஞ்சு தடவை பத்தாது மாமா. நிறைய எடுத்தாத்தான் கிட்ட வரும்."

வெயில் தாழும்வரை எடுத்தேன். நூறு தடவைக்கு நாற்பத்து மூன்று. நாற்பதும் இல்லை, ஆனால் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியாமல், தப்பு என்றும் சொல்ல முடியாமல் இப்படி ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் ஏன் வைத்திருக்கிறார்கள்?

பகடைக் கணக்கு அவளுக்கு வரவே இல்லை. புத்தகத்துப் பகடைக்கு ஆறு முகமாம். நான் பார்த்த தாயக்கட்டைக்கு நாலு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை.

"தாயம் எட்டு உருட்டுக்கு ஒரு தடவைதான் விழும்" என்றேன். அறுபது வருடம் விளையாடியவன் பேச்சு.

அவள் நோட்டின் ஓரத்தில் கட்டம் போட்டாள். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். அப்படி இரண்டு கட்டம். பதினாறில் இரண்டு.

"மாமா! எட்டுல ஒண்ணு!"

"அதத்தானே சொன்னேன்."

"நீங்க சும்மா சொன்னீக. நான் போட்டு எடுத்திருக்கேன்." எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். பிறகு ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, புத்தகத்தில் இருந்த ஐந்து கணக்கையும் அடுப்பு அணைந்தது தெரியாமல் முடித்தாள்.

ஜூன் 17, திங்கள்

ரெஜினா டீச்சர் வீட்டுக்கு வந்தார். பரீட்சைக்குப் பிறகு வேலைக்கு விண்ணப்பிக்க என்னென்ன தாள் வேண்டும் என்று பார்க்க வந்தவர். நாகஜோதி தகரப் பெட்டியிலிருந்து பழைய மார்க் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னடி இது? கணக்குக்கு ஆப்சென்ட்னு போட்டிருக்கு. ஃபெயில்னுல்ல என்கிட்ட சொன்ன?"

"ஊர்ல அன்னைக்குச் சாட்டு டீச்சர்."

"சாட்டுக்கு ராட்டினம் சுத்தப் போயிட்டு, பரீட்சையை விட்டுட்டியா? கழுதை."

"ஆமா டீச்சர்" என்று சிரித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வாயருகே வைத்தபடியே இருந்திருக்கிறேன் போல. "ஐயா, காபி ஆறிரும்" என்றார் டீச்சர்.

இதை நான் சொன்னபடியே அவள் எழுதினாள். ஒரு சொல் விடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

அன்றைக்கு ஊரில் பத்தாவது படித்தவர்கள் மூன்று பேர். இரண்டு பையன்கள். ஒரு பெண்.

பையன்கள் இருவரும் அதே நாள் விடிவதற்கு முன்னால் கயிற்றடிக்கு வந்தார்கள். கைத்தடியால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். குனிந்து போனார்கள். நடந்தே டவுனுக்குப் போய்ப் பரீட்சை எழுதினார்கள். ஒருவன் இப்போது வங்கியில். இன்னொருவன் சிங்கப்பூரில். ஆத்தாவுக்குக் கோபம் வரவில்லை. ஊருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இதையும் எழுதவா மாமா?"

"எழுது."

எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிராமல் சொன்னாள். "நான் ஏழே கால் மணிக்கு வந்தேன். அவங்க போனது எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்."

இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டில் சோறு போடுகிறாள். ஒரு நாள் கேட்டதில்லை.

மூன்று பேரில் இரண்டு பேரை விட்டேன். பாராமல் எடுத்தால்தான் அது அவளுடைய புத்தகத்துக் கணக்கு. நான் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஏன் அப்படி என்றால், சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 20, வியாழன்

அவள் பேசவில்லை. ஆனால் தேற்றத்தைச் சத்தமாகத்தான் சொன்னாள். நான் எங்கும் திருத்த வேண்டி வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

சொல்லியிருக்கக்கூடாதோ என்று குழம்பிக்கொண்டிருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம். போன தடவை இருபத்தொன்பது. இந்தத் தடவை கை நடுங்கி அதிலும் குறைந்தால், இரண்டாவது தடவையும் நானே மறித்தது போலத்தான். காமுத்தாயிடம் கேட்கலாமா என்று போய், எருமைக் கன்று பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

"என்னமோ சொல்ல வந்தீகளே?" என்று நாகஜோதி கேட்டாள்.

"கை நடுங்குதா?"

"ஒரு பக்கம் எழுத இப்ப பத்து நிமிசம்தான் ஆகுது மாமா. முன்னால இருபத்தஞ்சு."

நான் கேட்டது அதுவல்ல. அவளுக்கும் அது தெரியும்.

ஜூலை 4, வியாழன்

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவளோடு நடந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் இப்போது நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். எட்டுப் பத்து பஸ் இப்போது எட்டே காலுக்கு வருகிறது. பார்த்து எழுதம்மா என்று சொல்ல நினைத்தேன். வாயில் "டூ ஏபி" என்றுதான் வந்தது. கண்டக்டர் சிரித்தான்.

திரும்பி வீட்டுக்குப் போக மனசில்லை. அங்கேயே இருந்தேன். மூன்று பேர் வந்து, "என்ன பெரிசு, எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டார்கள். எங்கும் போகவில்லை என்றேன்.

இரண்டரை மணிக்கு இறங்கினாள்.

"காலையிலருந்து இங்கனேயா இருக்கீக? சாப்பிடலையா?"

"எப்படி?"

"எழுதிட்டேன். அளவியல்ல ஒண்ணு முடியல."

"பகடை?"

"ரெண்டு பகடை, கூடுனா ஒம்பது. முப்பத்தாறுல நாலு. ஒம்பதுல ஒண்ணு."

சரியா என்று எனக்குத் தெரியாது. தாயம் என்றால் தெரிந்திருக்கும்.

ஜூலை 5, வெள்ளி

இனிப் பக்கம் எழுத வேண்டியதில்லை என்று நோட்டை அலமாரியில் வைத்துவிட்டாள். இந்த இரண்டு வரியை நான் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறாள்.

ஜூலை 29, திங்கள்

நாற்பத்தேழு.

டீச்சர் போனில் சொன்னார். காமுத்தாய் வந்து சர்க்கரையை அள்ளி இவள் வாயில் போட்டாள். தவசி தோட்டத்திலிருந்து கூப்பிட்டு, "அமைப்பாளரம்மா, எனக்குச் சத்துணவு உண்டா?" என்றான். நான் நாற்பத்தேழிலிருந்து முப்பத்தைந்தைக் கழித்தேன். பன்னிரண்டு கூட. பன்னிரண்டையும் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

எல்லாரும் போன பிறகு நோட்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு பக்கம் மாமா."

"அதான் முடிஞ்சிருச்சே."

"அவங்களுக்குக் கயித்தைத் தூக்குனீக. எனக்கு ஏன் தூக்கல?"

ஜூன் மாதம் சொல்லத் தெரியவில்லை என்று சொன்னது பொய். சொல்கிறேன்.

சாட்டுக்கு முந்தின நாள் கோயில் வாசலில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். எல்லைக்கட்டு நாளில் பரீட்சை வருகிறது, பிள்ளைகளை என்ன செய்ய என்று பூசாரிதான் எடுத்தார். திருநீறு கொடுத்து அனுப்பலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பினால் தோஷம் இல்லை என்றும் அவரே சொன்னார். பையன்கள் போகட்டும் என்று முடிவானது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாகஜோதி என் வீட்டுக்கு வரப்போகிறவள் என்று ஊருக்கே தெரியும். நான்தான் சொன்னேன், பொம்பளைப் பிள்ளை வேண்டாம் என்று. எழுது.

"எழுதுறேன். ஏன்?"

தவசி எட்டாவதில் நின்றவன். இவள் பத்தைத் தாண்டிப் பதினொன்றுக்கு டவுனுக்குப் போனால்.

"போனா?"

"போனா, நீ எங்க வீட்டுக்கு வந்திருக்க மாட்ட."

பேனா நிற்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தது. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அஞ்சு பேரு யாரு யாரு? பேரு சொல்லுங்க."

"செத்தவங்க பேரை வச்சு என்ன செய்யப்போற?"

"சொல்லுங்க மாமா."

பூசாரி வெள்ளையப்பன். சர்க்கரை வியாதியில் கால் எடுத்து, அடுத்த தையில் போய்ச் சேர்ந்தார்.

கரியணன். பஸ் படியிலிருந்து விழுந்து, மூன்று மாதம் பேச்சில்லாமல் கிடந்து செத்தான்.

அம்மாவாசி. கொரோனாவில். நான்கு பேர்தான் தூக்க விட்டார்கள்.

சுருளியாண்டி.

பேனா நின்றது.

"அப்பாவுமா?"

"இருந்தான். அவன் ஒண்ணும் சொல்லல. 'மச்சான் சொல்றதுதான்'னு மட்டும் சொன்னான். எழுதும்மா. பெரிய மழையில் வாய்க்கால் உடைந்த வருடம், மாரடைப்பு. நான்தான் வாயில் தண்ணீர் விட்டேன்."

எழுதினாள். மெதுவாக எழுதினாள், பழைய கை மாதிரி.

"அஞ்சாவது?"

"தெரியாத மாதிரிக் கேக்குறியே."

"நீங்க சொல்லாம நான் எழுத மாட்டேன் மாமா."

ஐந்தாவது, அழகுமலை மகன் சென்றாயன். அவன் ஒருவன்தான் இன்னும் உயிரோடு இருக்கிறான்.